ஐந்து கிலோ ஐஸின் கணக்கு

"அஞ்சு கிலோ ஐஸ் போட்டுத்தான் கிளம்புறேன் டீச்சர். பரமக்குடி போய்ப் பெட்டியைத் திறந்தா மீன் தண்ணியில மெதக்குது. ஐஸு எங்க போகுதுன்னே தெரியல."

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம். என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, பெட்டியோடு வந்து வகுப்பு வாசலில் நின்றார். மண்டபம் பக்கத்துக் கரையில் விடியற்காலையில் நாட்டுப்படகு மீனை ஏலத்தில் எடுத்து, இரண்டு பஸ் மாறிப் பரமக்குடிக்குக் கொண்டுபோய் விற்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாள்களில் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை. அப்போது இரண்டு கிலோ நகரை மீன் குழைந்து போனாலும் அவருக்கு அது அன்றைய கூலி.

பெட்டி சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளளவு 50 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 30 உயரம். சுவர் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு மூலை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. மூடி வளைந்து ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிய அடியில் ஸ்குரூ டிரைவரால் குத்திய ஓட்டை ஒன்று.

எங்கள் பாடத்தில் அடுத்த அலகு வெப்பம். கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்குவதைவிட, இந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வதே பாடமாக இருக்கட்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். "பத்து நாள் குடுங்கக்கா" என்றேன். அதுவரை பக்கத்து வீட்டுப் பெட்டியை இரவல் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வேலை தெர்மாமீட்டர்களைச் சரிபார்ப்பது. ஆய்வகத்தில் மூன்று இருந்தன. மேசை மேல் வைத்தபோது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கி, மூன்றையும் அதில் செருகி ஐந்து நிமிடம் விட்டோம். இரண்டு சுழியத்தில் நின்றன, மூன்றாவது 2 டிகிரி காட்டியது. அதன் தலையில் சிவப்பு நூல் கட்டி, "இதில் எப்போதும் 2 கழிக்கணும்" என்று எழுதி வைத்தோம். ஒரே டம்ளர் ஐஸோடு சமநிலைக்கு வந்த மூன்றும் தங்களுக்குள்ளும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்க முடியும். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் என்ற கருவிக்கே பொருளில்லை. வெப்பமும் ஆற்றலும் நடந்துகொள்ளும் விதத்தைப் பேசும் வெப்ப இயக்கவியலில் இதைச் சுழிய விதி என்பார்கள். முதல் விதியும் இரண்டாம் விதியும் பெயர் பெற்று வெகுகாலம் கழித்து, 1930-களில்தான் இதற்கு இந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது. அடித்தளம் இது என்பதால், முன்னால் வைக்க வேறு எண் இல்லாமல் சுழியம் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை 9.30-க்குப் பழைய பெட்டியில் 5 கிலோ நொறுக்கு ஐஸ் போட்டு மூடினோம். மீன் இல்லை, வெறும் ஐஸ். அடி ஓட்டையின் கீழே வாளி. ஏலக்கடையில் இரவல் வாங்கிய தொங்கு தராசில் மணிக்கு ஒரு முறை வாளித் தண்ணீரை எடைபோட வேண்டும். வராந்தாவில் வெப்பநிலை 33 டிகிரி. முதல் மணி நேரத்தில் 900 கிராம். அடுத்து 700. பிறகு மூன்று மணி நேரமும் அறுநூறு அறுநூறாக. கடைசி மணியில் 500. மாலை 3.30-க்கு மொத்தம் 3.9 கிலோ தண்ணீர்.

மதியம் ஒரு பையன் ஓடி வந்தான். "டீச்சர், உள்ள இருக்கிற தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு. காலையிலேர்ந்து சுழியத்துலயே நிக்குது." போய்ப் பார்த்தேன். ஐஸுக்குள் செருகிய நல்ல தெர்மாமீட்டர்தான் அது. மூன்று கிலோ ஐஸ் தண்ணீராகிப் போயிருக்கிறது, உள்ளே வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, முள் அளவுகூட அது ஏறவில்லை. அவனுக்கு வந்த சந்தேகம் மிக நல்ல சந்தேகம். 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைத்தான் உட்கார்ந்து யோசித்தார். உருகும் ஐஸ் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, ஆனால் சூடாவதில்லை. வாங்கிய வெப்பமெல்லாம் கட்டியாக இருப்பதைத் தண்ணீராக்குவதற்கே செலவாகிறது. அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு, ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல்.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் வாளித் தண்ணீரே கணக்குப் புத்தகமாகிவிடும். 3.9-ஐ 334-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,303 கிலோஜூல். இவ்வளவு வெப்பம் ஆறு மணி நேரத்தில் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது. ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 60 ஜூல், அதாவது 60 வாட். கரும்பலகையில் இந்த விடை வந்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. "அப்போ உள்ள ஒரு குண்டு பல்பு எரியுற மாதிரியா டீச்சர்?" ஆமாம். அறுபது வாட் குண்டு பல்பைப் பெட்டிக்குள் எரியவிட்டுக்கொண்டே பரமக்குடி போகிறார் அந்த அக்கா.

உருகிய தண்ணீரை எடைபோட்டு வெப்பத்தை அளக்கும் இந்த வழி பழையது. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஐஸ் சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுகிறது என்று எடைபோட்டார்கள். உயிரினத்தின் சூட்டையே தராசில் நிறுத்த முடிந்தது என்று சொன்னபோது, பிள்ளைகள் நம் வாளியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள்.

சரி, வெப்பம் எந்த வழியாக வருகிறது? இங்கே ஒரு பெரிய வாக்குவாதம். பாதி வகுப்பு "குளிர் வெளியே ஓடிப்போகுது" என்றது. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்றுதான் வீட்டில் சொல்வோம். ஆனால் குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் குறைவாக இருப்பதைத்தான் குளிர் என்கிறோம். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும், எதிர்த்திசையில் தானாகப் போகாது. 1850-களில் கிளாசியஸ் எழுதி வைத்த இரண்டாம் விதியின் சாரம் இது. ஆகவே எந்தப் பெட்டியும் குளிரைப் பூட்டி வைப்பதில்லை. வெளியே 33 டிகிரி, உள்ளே சுழியம் என்றால் வெப்பம் வந்தே தீரும். அது வரும் வேகத்தைத்தான் நாம் குறைக்க முடியும்.

காற்று வழியைக் கண்டுபிடிக்க ஊதுவத்தி கொளுத்தினோம். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த நேரம் அது. காற்றடிக்காமல் வகுப்புக் கதவுகளைச் சாத்திவிட்டு, ஊதுவத்தியை மூடியின் தூக்கிய ஓரத்தில் பிடித்தோம். புகை மேலே போகாமல் வளைந்து பெட்டிக்குள் நுழைந்தது. அடி ஓட்டையின் கீழே பிடித்தால், யாரோ மேலிருந்து ஊதுவதுபோல் புகை நேராகத் தரையைப் பார்த்து இறங்கியது. பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. அடி ஓட்டை வழியே அது ஒழுகிப்போகிறது, அந்த இடத்தை நிரப்ப மேலே மூடி இடுக்கு வழியே சூடான காற்று வருகிறது. அடுப்புப் புகைபோக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. வெப்பச்சலனம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

ஓட்டையை அடைத்துவிட முடியாது, தண்ணீர் வடியத்தான் வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபில் ஒரு முழம் வாங்கி, ஓட்டையில் செருகி, வெளியே வளைத்து மேல்நோக்கித் திருப்பிக் கட்டினோம். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வடியும், காற்று போகாது. முகம் கழுவும் பேசின் அடியில் இருக்கும் வளைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றிலும் வைத்தோம். இரும்பு ஆணி அடிக்கவில்லை. அது துருப்பிடிக்கும், வெப்பத்துக்குப் பாலமும் போடும். தென்னை ஈர்க்குச்சியை விரல்கடை நீளத்துக்கு ஒடித்து ஊசிபோல் குத்தினோம், நன்றாகப் பிடித்துக்கொண்டது. மறுபடி 5 கிலோ, மறுபடி ஆறு மணி நேரம். இந்த முறை 2.6 கிலோ. அறுபது வாட் நாற்பதாக இறங்கிவிட்டது. செலவு, அந்த டியூபின் விலை மட்டும்.

மிச்சம் இருப்பது சுவர் வழியாக வரும் கடத்தல். அதற்கு முதலில் நான் மரத்தூளை நம்பினேன். காரணம் ஒரு பழைய செய்தி. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர் ஒரு கப்பலில் ஏறக்குறைய 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், வெயில் கடல், இருந்தும் சுமார் 100 டன் கட்டியாகவே வந்து சேர்ந்தது. ஏரியில் வெட்டிய கட்டிகளை நெருக்கி அடுக்கி, இடையில் காற்றுப் புகாதபடி பொதிந்து அனுப்பும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மரத்தூள் அந்த வணிகத்தின் உயிர். சென்னையில் அந்த ஐஸை இறக்கி வைக்க 1842-இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897 ஜனவரி 26 அன்று நம் பாம்பன் குந்துகாலில் வந்து இறங்கிய விவேகானந்தர், பிறகு சென்னைக்குப் போய்த் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். குந்துகால் நினைவிடத்துக்கு எங்கள் பிள்ளைகள் சுற்றுலா போயிருக்கிறார்கள். அந்த இரண்டு இடங்களும் ஒரே கதையில் வருவது அவர்களுக்குப் புதிது.

மர அறுவை மில்லில் இரண்டு மூட்டை தூள் இலவசமாகக் கிடைத்தது. பெட்டியை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் தூளை அடைத்தோம். முதல் நாள் அருமை, 1.7 கிலோதான் உருகியது. இரண்டு நாள் கழித்துச் செய்தபோது 2.5 கிலோ. தோண்டிப் பார்த்தால் தூள் ஈரம். டியூப் இணைப்பில் கசிந்த தண்ணீர் அடியில் இறங்கி ஊறியிருந்தது. மரத்தூளில் வெப்பத்தைத் தடுப்பது முக்கியமாக அதன் இடுக்குகளில் நகராமல் நிற்கும் காற்று. காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி நனைந்தால் குளிர் தாங்காததும் இதனால்தான்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. அக்கா வந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், இடுப்பு வரை வந்ததும் கீழே வைத்துவிட்டார். "இதை வச்சுக்கிட்டு நான் எப்பிடி டீச்சர் பஸ் ஏறுவேன்?" தூள் மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கப்பலுக்கு எடை ஒரு பொருட்டில்லை, தலைச்சுமைக்கு அதுதான் எல்லாம்.

ஆகவே தெர்மாகோலுக்கே திரும்பினோம். அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று, ஈரம் எளிதில் ஏறாது, எடையும் இல்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. உடைந்த மீன் பெட்டிகள் கரையில் கிடக்கின்றன. அவை நொறுங்கி வெண்மணிகளாகக் கடலுக்குள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. பிள்ளைகள் மூன்று பெட்டிகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தார்கள். வெட்டும்போது மணி பறக்காமலிருக்க, நனைத்த பழைய சேலையை விரித்து அதன்மேல் வைத்து வெட்டினோம். உதிர்ந்ததெல்லாம் ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டது. கத்தியில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் பிசிறு குறையும். கத்தியைச் சூடாக்கி வெட்ட நான் விடவில்லை, அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது.

ஒட்டும்போது ஒரு பலகை வீணாயிற்று. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினோம். அரை நிமிடத்தில் தெர்மாகோல் சர்க்கரைப் பாகு மாதிரி இளகிக் குழி விழுந்தது. அதில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலும் தின்னரும் அப்படியே. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் சரி. ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே காற்றுப் போகாததால் அது காய நேரமெடுக்கும். கயிறு கட்டி வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை விட்டுவிட்டோம். புதுப் பலகைகளின் இணைப்புகள் பழைய பெட்டியின் மூலைகளுக்கு நேராக வராமல், செங்கல் கட்டுவதுபோல் தள்ளித் தள்ளி வைத்தோம். மூடிக்கும் ஓர் அடுக்கு. வெளியே வெள்ளை உரச் சாக்கைத் தைத்துப் போர்த்தினோம்.

திங்கட்கிழமைச் சோதனையில் ஆறு மணி நேரத்துக்கு 1.5 கிலோ. கணக்குப் போட்டால் 23 வாட். எடைபோட்ட மாணவி நம்பாமல் வாளியை இரண்டு தடவை தராசில் மாட்டிப் பார்த்தாள்.

ஆனால் இதுவரை எல்லாம் வெறும் ஐஸ். மீன் போட்டால் என்ன ஆகும்? அக்கா அன்றைக்குக் காலை எடுத்த பாறை மீன் ஒன்றின் வயிற்றில் தெர்மாமீட்டரைச் செருகினோம், 30 டிகிரி. மீனில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 3.5 கிலோஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். அவர் கொண்டுபோவது 10 கிலோ. 10 பெருக்கல் 3.5 பெருக்கல் 30, 1,050 கிலோஜூல். அதை 334-ஆல் வகுத்தால் 3.1 கிலோ. அதாவது போட்ட ஐந்து கிலோவில் மூன்று கிலோவுக்கு மேல் மீனைக் குளிரவைக்கவே தீர்ந்துவிடுகிறது. பயணத்துக்கு மிஞ்சுவது 1.9 கிலோ மட்டும். பழைய பெட்டியில் மணிக்குச் சராசரி 650 கிராம் உருகியது, ஆகவே அது மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. புதுப் பெட்டியில் மணிக்கு 250 கிராம், ஏழரை மணி நேரம் வரும்.

அக்காவின் கேள்விக்கு விடை இதுதான். ஐஸ் எங்கும் காணாமல் போகவில்லை. மீனிலிருந்து வந்த வெப்பம் இவ்வளவு, சுவர் வழியே வந்தது இவ்வளவு, இடுக்கு வழியே வந்தது இவ்வளவு. கூட்டினால் வாளித் தண்ணீருக்குச் சரியாக வர வேண்டும். ஆற்றல் புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்ற முதல் விதியை ஏலக்கடைக் கணக்கு மாதிரி வரவு செலவாக எழுதி வைத்தார்கள் பிள்ளைகள்.

கணக்கிலிருந்து இரண்டு பழக்கங்கள் மாறின. ஏலம் முடிந்தபின் மீன் மணலில் வெயில் பட்டுக் கிடந்தால் 34 டிகிரி வரை ஏறுவதை அளந்தோம். அந்த நான்கு டிகிரிக்கு மட்டும் 400 கிராம் ஐஸ் தண்டம். இப்போது ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைக்கிறார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் ஈரச் சாக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது, உருகிய தண்ணீர். "அதுவும் சில்லுன்னுதானே இருக்கு, ஏன் வடிக்கணும்?" என்று கேட்டார். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். அதே ஒரு கிலோ ஐஸ்தண்ணீர் 5 டிகிரி வரை ஏறினாலும் வாங்குவது 21 மட்டுமே. மீன் அதில் ஊறிக் கெடுவதற்கு வடித்துவிடுவதே மேல். ஐஸை மேலேயும் இடையிலும் போட வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சொல்லித்தரவில்லை. அவர் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான் அடுக்குகிறார்கள். மேலிருந்து வடியும் குளிர்ந்த தண்ணீர் ஒவ்வொரு மீனையும் தொட்டுக்கொண்டு இறங்குகிறது.

கடைசியாக ஐஸ் கம்பெனிக்கு ஒரு நடை போய் வந்தோம். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நீளமான தகர டப்பாக்கள் வரிசையாக முங்கியிருந்தன. உப்புத் தண்ணீர் சுழியத்துக்குக் கீழே போனாலும் உறையாது, டப்பாவுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பாராகிவிடும். தொட்டியைக் குளிரவைக்கும் அம்மோனியா ஓடும் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. பின்புறம் குழாய்கள் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. அங்கே கீழே விழும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வெதுவெதுவென்றிருந்தது. ஐஸாகப் போகிற தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பம்தான் அது. மோட்டார் செய்த வேலையும் அதோடு சேர்ந்து வெளியேறுகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தைத் தள்ளிவிட முடியும், அதற்கு மின்சாரம் செலவழிக்க வேண்டும். தானாக நடக்காது என்று வகுப்பில் சொன்ன விதியின் மறுபாதியை அந்த மோட்டார் இரைச்சலில் நின்று பேசினோம்.

தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, அக்கா பரமக்குடியிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார். மணி பகல் ஒன்று. "இன்னும் ரெண்டு கை ஐஸ் கிடக்கு டீச்சர். மீனு வெறைப்பா இருக்கு." காலை ஏழுக்குப் பெட்டியை மூடியிருக்கிறார். அவர் மகள் நோட்டில் எழுதியிருந்த நேரத்துக்கு அது ஒத்துப்போனது.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. சைக்கிள் டியூப் பட்டை இரண்டு இடத்தில் தளர்ந்துவிட்டது, உப்புத் தண்ணீரில் ஈர்க்குச்சி இளகுகிறது. அடுத்த தடவை மூங்கில் சிம்பு போட்டுப் பார்க்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பையன்கள் சொல்கிறார்கள். வராந்தாவில் இன்னும் நான்கு பேருடைய பெட்டிகள் வந்து நிற்கின்றன. மூன்றுக்கு மூடி நன்றாக இருக்கிறது. நான்காவதுக்குப் புதிதாகவே வெட்ட வேண்டும், அதற்குக் கரையில் இன்னொரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறோம்.